பழைய கணினியைப் பழிக்கும் முன்



வீட்டிலே ஒரு பழைய கணினி இருக்கிறது. பிள்ளை பாடம் எழுத அதன் பொத்தானை அழுத்துகிறது. திரை விழித்து, எழுதுவதற்கு இடம் கொடுப்பதற்குள் அம்மா சோறு வடித்து இறக்கிவிடுகிறார். ஒரு சொல்லைத் தட்டினால், அது திரைக்கு வந்து சேர நேரமாகிறது. பிள்ளைக்கு எரிச்சல், அப்பாவுக்குக் கவலை. "இது பழசாய்ப் போச்சு, இனி உதவாது" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு சரிதானா என்று பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நம் நாட்டில் 2020 மார்ச் 18 ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. இல்லிருப்புக் கற்றல் என்னும் சொல் அப்போதுதான் தோட்டத்து வீடுகளுக்குள் நுழைந்தது. அதனோடு பழைய கணினிகளும் நுழைந்தன. உறவினர் கொடுத்தவை சில, பட்டணத்துக் கடையில் பாதி விலைக்கு வாங்கியவை சில, அலுவலகங்கள் கழித்துவிட்டவை சில. அன்று வந்த அந்தக் கணினிகள்தாம் இன்று பல வீடுகளில் நத்தைபோல் ஊர்ந்துகொண்டிருக்கின்றன.

சென்ற பள்ளி விடுமுறையில் நம் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவள் இப்போது படிவம் நான்கில் படிக்கிறாள். தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். மேசைமேல் கணினி, பூப்போட்ட துணியால் மூடப்பட்டிருந்தது.

"ஐயா, கடைக்காரரு இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்றாரு. தவணைக்குத் தர்றாராம். என்ன செய்யலாம்?" என்று தந்தை கேட்டார்.

"அண்ணே, குலை வெட்டும்போது வேலை மெதுவானா, உடனே ஆளு கிழமாயிட்டாருன்னு சொல்லிடுவீங்களா?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "மொதல்ல அருவாளத் தொட்டுப் பார்ப்பேன் ஐயா. மழுங்கியிருந்தா தீட்டுவேன்" என்றார்.

நேயர்களே, கணினிக்கும் இதுதான் வழி. எந்த இடம் மழுங்கியிருக்கிறது என்று பாராமல் ஆளையே மாற்றுவது வீண் செலவு. கணினியின் கணக்குப் போடும் திறன் வயதானதால் குறைவதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு வினாடியில் செய்த அதே கணக்கை அது இன்றும் ஒரு வினாடியில்தான் செய்யும். அதன்மேல் ஏற்றப்பட்ட சுமை கூடியிருக்கும். அல்லது அதன் உறுப்புகளில் ஒன்று சோர்ந்திருக்கும். அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதே நம் வேலை.

இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே கிராணி இருக்கிறார்; கணக்குப் போடுபவர் அவர். அவர் முன்னே ஒரு மேசை இருக்கிறது. பின்கட்டிலே பேரேடுகள் அடுக்கிய அலமாரி இருக்கிறது. வேண்டிய பேரேட்டை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, மேசைமேல் விரித்து, கிராணி கணக்கு எழுதுகிறார். கணினிக்குள் 'புராசஸர்' என்பது கிராணி. 'மெமரி' அல்லது 'ரேம்' என்பது மேசை. 'ஹார்டு டிஸ்க்' என்பது அலமாரி. மேசை சின்னதாக இருந்தால், ஒரு பேரேட்டை மூடிவைத்துவிட்டுத்தான் இன்னொன்றை விரிக்க முடியும். கிராணி எழுதும் நேரத்தைவிட, அலமாரிக்கு நடக்கும் நேரமே மிகுதியாகிவிடும். பழைய கணினிகள் பலவற்றில் நடப்பது இதுதான். கிராணி கெட்டிக்காரர், நடந்து நடந்தே நேரம் போய்விடுகிறது.

இனி, செய்யவேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வேலை, பிள்ளையின் கோப்புகளையும் குடும்பப் படங்களையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைப்பது. ஒரு பென்டிரைவ் போதும். இதை ஏன் முதலிலே சொல்கிறோம் என்றால், நாம் பட்ட பாடு அப்படி. முன்பு நாம் பணியாற்றிய தோட்டம் பிறகு விற்கப்பட்டது, லயங்கள் இடிக்கப்பட்டன. அந்தத் தோட்டத்துத் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழாப் படங்கள் எல்லாம் நம் வீட்டுக் கணினியில்தான் இருந்தன. கணினி மெதுவாகிவிட்டதென்று ஒரு கடையில் கொடுத்தோம். கடைக்காரர் வட்டு முழுவதையும் அழித்து, எல்லாவற்றையும் புதிதாகப் பதித்துக் கொடுத்தார். கணினி நன்றாக ஓடியது. படங்கள் போய்விட்டன. அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. இடிந்த லயத்தைத் திரும்பவும் படமெடுக்க முடியுமா? ஆகவே, பழுது பார்ப்பதற்கு முன் படியெடுங்கள். கடைக்குக் கொண்டுபோனாலும், "உள்ளே இருப்பதை அழிக்காதீர்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஹார்டு டிஸ்க் கெடத் தொடங்கும்போது பல வேளைகளில் முதலில் மெதுவாகிறது. 'டிக், டிக்' என்று ஓசை கேட்கும். கோப்பைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கும். நேற்றுத் திறந்த படம் இன்று திறக்காது. இவை தென்பட்டால், வேகத்தைப் பற்றிய பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, அன்றைக்கே படியெடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, மெதுவாக இருப்பது கணினியா, இணையமா என்று பிரித்தறிவது. இணையம் தேவைப்படாத ஒன்றைத் திறந்து பாருங்கள். சாதாரணக் கடிதம் எழுதும் பக்கம் போதும். அது சட்டென்று திறந்து, எழுத்தும் தடையில்லாமல் விழுந்தால், கணினியின்மேல் குற்றம் இல்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் வீட்டுக்குத் தொலைபேசி அலை சரியாக எட்டாதிருக்கலாம். அதற்குப் புதுக் கணினி வாங்கினாலும் பலன் இராது. இன்னும் ஒன்று: திரையின் மூலையில் உள்ள நாளையும் மணியையும் பாருங்கள். ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தால், இணையப் பக்கங்கள் பல பாதுகாப்புக் கருதித் திறக்க மறுக்கும். மேசைக் கணினிக்குள்ளே காசு வடிவில் ஒரு சிறு மின்கலம் உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். பெரும்பாலும் சி.ஆர். 2032 என்னும் வகை. அது தீர்ந்துபோனால் நாளும் மணியும் தவறும். சில வெள்ளிகளில் முடியும் வேலை இது.

மூன்றாவது, கணினியை 'ரீஸ்டார்ட்' செய்வது. "தினமும் அணைத்துத்தானே வைக்கிறோம்" என்பீர்கள். விண்டோஸ் 10 உள்ள பெரும்பாலான கணினிகளில் 'ஷட் டவுன்' கொடுத்தால், மறுநாள் விரைந்து எழுவதற்காக உள்ளே ஒரு பகுதி நிலையை அது சேமித்து வைத்துக்கொள்கிறது. நேற்றைய கோளாறும் அதனோடு தங்கிவிடலாம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் யாவும் முதலிலிருந்து தொடங்கும். காசில்லாத மருந்து இது. முதலில் இதைக் கொடுத்துப் பாருங்கள்.

நான்காவது, நாடி பிடித்துப் பார்ப்பது. விசைப்பலகையில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பலகம் திறக்கும். சிறியதாகத் திறந்தால், அடியிலே 'மோர் டீடெய்ல்ஸ்' என்றிருப்பதை அழுத்துங்கள். அங்கே சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று மூன்று தலைப்புகளும், ஒவ்வொன்றின்மேலும் விழுக்காட்டுக் கணக்கும் தெரியும். கிராணி, மேசை, அலமாரி என்று நாம் சொன்ன மூவர் இவர்கள்தாம். கணினி விழித்துப் பத்து நிமிடம் ஆனபிறகு பாருங்கள். எழுந்தவுடன் எல்லாருக்கும் படபடப்பு இருக்கத்தான் செய்யும். ஒன்றும் செய்யாதபோதே டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றால் அலமாரியில் கோளாறு. பிள்ளை வழக்கமாகத் திறப்பவற்றைத் திறந்ததும் மெமரி 90 விழுக்காட்டைத் தாண்டினால் மேசை சிறியது. சி.பி.யு. ஓயாமல் உச்சத்தில் நின்றால், ஏதோ ஒரு நிரல் கிராணியைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் பெயர் கீழே பட்டியலிலே தெரியும். இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் "மெதுவாக இருக்கிறது" என்று சொல்வதைவிட, "டிஸ்க் எந்நேரமும் நூற்றில் நிற்கிறது" என்று சொன்னால், அவரும் சரியான இடத்திலே கைவைப்பார்.

ஐந்தாவது, பெரட்டிலே கூட்டத்தைக் குறைப்பது. காலைப் பெரட்டுக்கு வேலையில்லாதவரும் வந்து நின்றால் பெயர் கூப்பிட்டு முடிக்கவே விடிந்துவிடும். கணினி எழும்போதே, கேளாமல் சில நிரல்கள் எழுந்து வந்து வரிசையில் நிற்கின்றன. அதே பலகத்தில் 'ஸ்டார்ட்-அப்' என்னும் பகுதியைத் திறந்தால் அவற்றின் பட்டியல் கிடைக்கும். விளையாட்டு, பாட்டு, அச்சுப்பொறி விளம்பரம் என்று தேவையில்லாதவை இருக்கும். ஒன்றின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'டிஸேபிள்' கொடுங்கள். அந்த நிரல் அழிந்துவிடாது. கூப்பிடும்போது மட்டும் வரும். பெயர் தெரியாதவற்றையும், நச்சுநிரல் தடுப்பையும் மட்டும் தொடவேண்டாம். அதேபோல், இரண்டு நச்சுநிரல் தடுப்புகளை ஒரே கணினியில் வைக்காதீர்கள். ஒரு வாசலுக்கு இரண்டு காவல்காரர்கள் நின்று ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டிருப்பது போலாகும். விண்டோஸ் 10இல் தடுப்பு ஒன்று கூடவே வருகிறது. வீட்டுப் பயனுக்கு அது போதும்.

ஆறாவது, இடம் ஒழிப்பது. அலமாரி நிரம்பி வழிந்தால், கிராணிக்குத் தாள் வைக்கவும் இடமிராது. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்', அதனுள் 'ஸ்டோரேஜ்' என்று போனால், தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் வசதி இருக்கிறது. அங்கே 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு கட்டம் இருக்கும். பிள்ளை இறக்கி வைத்த பாடங்கள் அதில்தான் இருக்கும். அதில் குறியிடாதீர்கள். மொத்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருப்பது நல்லது.

ஏழாவது, தூசியும் சூடும். நம் ஊர் வெயிலும் புழுதியும் உங்களுக்குத் தெரியாததல்ல. மண் சாலையில் லாரி ஒன்று போனால், வீட்டுக்குள் எல்லாவற்றின்மேலும் ஒரு படலம் விழுகிறது. கணினியின் காற்றாடியில் தூசி அடைத்தால், சூடு வெளியேறாது. சூடு மிகுந்தால், தான் வெந்துபோகாதிருக்க புராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் ஒழுங்காக ஓடி, மதியத்தில் தள்ளாடும் கணினியில் இதைத்தான் முதலில் ஐயுறவேண்டும். மேசைக் கணினியானால், மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்து, காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். காற்றாடி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்து சேரும் இரும்புப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக்கூடாது; கம்பியைக் கழற்றிய பின்னும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். மடிக்கணினியானால், மெத்தைமேலும் தலையணைமேலும் வைக்காதீர்கள். அடியில் உள்ள காற்றுவழி அடைபடும். இடி மின்னல் வேளையில் கம்பியைக் கழற்றிவிடுவதும் நல்ல பழக்கம்.

இதுவரை சொன்னவற்றில், அந்தக் காசு மின்கலம் நீங்கலாக, எதற்கும் பணம் தேவையில்லை. இவற்றால் சரியாகாவிட்டால்தான் பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பழைய கணினிக்குச் செலவு செய்வதானால், பெரும்பாலும் மிகுந்த பலன் தருவது அலமாரியை மாற்றுவதுதான். ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் இந்த முறையை அறிமுகம் செய்தபோது, ஐம்பது தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளைத்தான் வைக்க முடிந்தது. இன்று கொள்ளளவு எவ்வளவோ பெருகிவிட்டது. ஆனால், தட்டு சுழன்று வரவேண்டும், ஊசிபோன்ற கை நகர்ந்து தேடவேண்டும் என்பது மாறவில்லை. வீட்டுக் கணினிகளில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பவற்றைத் தேடி எடுக்க வேண்டுமானால், வினாடிக்கு ஏறத்தாழ நூறு தடவைதான் அதனால் முடியும். இதற்கு மாற்றாக வந்திருப்பது எஸ்.எஸ்.டி. எனப்படுவது. அதில் சுழலும் பொருளே இல்லை, எல்லாம் மின்சில்லுகள். தேடும் வேலையை வினாடிக்கு ஆயிரக்கணக்கில் செய்யும். பெரும்பாலான பழைய கணினிகளில், ஹார்டு டிஸ்க் இருந்த அதே இடத்தில் இதைப் பொருத்தலாம். பழையதில் உள்ளவற்றை அப்படியே புதியதற்கு மாற்றித் தரவும் கடைக்காரர்களால் முடியும்.

மேசை சிறியதென்று கண்டால், மெமரியைக் கூட்டலாம். 4 ஜிபி இருப்பதை 8 ஜிபி ஆக்கினால், பள்ளிப் பாடத்துக்குப் போதுமானது. ஆனால், கணினிக்கேற்ற வகையைத்தான் வாங்க வேண்டும். சில மடிக்கணினிகளில் கூட்டவே வழியிராது. வாங்குமுன் கணினியின் மாதிரி எண்ணைக் காட்டிக் கேளுங்கள். முழுச் செலவையும் கேட்டு, புதுக் கணினியின் விலையோடு ஒப்பிடுங்கள். செலவு அதில் பாதியைத் தொட்டால், பழையதற்கு அவ்வளவு கொடுப்பது தகாது.

"உங்கள் கணினியில் ஐந்நூறு பிழைகள் உள்ளன, இங்கே அழுத்தினால் வேகமாகும்" என்று திரையிலே விளம்பரம் வரும். அழுத்தாதீர்கள். திருடன் வந்து "உங்கள் பூட்டு சரியில்லை, சாவியைக் கொடுங்கள்" என்று கேட்பது போன்றது அது. முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் கணினியைச் சரிசெய்கிறோம்" என்றாலும் நம்ப வேண்டாம்.

மறைக்காமல் சொல்லவேண்டிய ஒன்றும் உண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுப் பாதுகாப்பு ஆதரவு, 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு முடிந்துவிட்டது. தனியே பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் ஓராண்டு கூடுதல் காலம் தரப்பட்டது. கணினி நின்றுவிடாது, ஓடும். ஆனால், புதிதாகக் காணப்படும் ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. அப்படிப்பட்ட கணினியில் வங்கி வேலை செய்யாதிருப்பது நல்லது. விண்டோஸ் 11ஐப் பழைய கணினிகள் பல ஏற்பதில்லை. அவற்றுக்கு லினக்ஸ் என்னும் இலவச அமைப்பு உண்டு. 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது அது. அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ட், பழைய கணினியிலும் இலகுவாக ஓடும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் பதிக்கலாம். இணையம் பார்க்கவும், கட்டுரை எழுதவும் அது போதும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட சில நிரல்கள் மட்டும் அதில் ஓடமாட்டா என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இனி, அந்த மாணவியின் வீட்டுக்குத் திரும்புவோம். மூன்று விசைகளையும் அவளையே அழுத்தச் சொன்னோம். மெமரி பாதிதான். சி.பி.யு. ஓய்வாக இருந்தது. டிஸ்க் மட்டும் 100இல் நின்றது; இறங்கவே இல்லை. காதை வைத்துக் கேட்டபோது, உள்ளே 'டிக்' என்ற ஓசை. அவள் முகம் மாறிவிட்டது.

"ஐயா, ஒரு வருசமா எழுதின வரலாற்று ஒப்படைப்பு இதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல" என்றாள்.

அன்று மாலை முழுவதும் வேறொன்றும் செய்யவில்லை, படியெடுத்தோம். நம்மிடமிருந்த பென்டிரைவில் கோப்புகள் ஒவ்வொன்றாக, எறும்பு அரிசி சுமப்பதுபோல் ஏறின. இரண்டு படங்கள் திறக்கவில்லை. ஒப்படைப்பு முழுதாக வந்து சேர்ந்தது. மறுவாரம் தந்தை பட்டணத்துக்குப் போய், எஸ்.எஸ்.டி. மாற்றிக்கொண்டு வந்தார். முன்பு பத்து நிமிடம் எடுத்த கணினி, ஒரு நிமிடத்துக்குள் எழுந்தது. புதுக் கணினிக்கான தவணைத் தாளில் அவர் கையெழுத்துப் போடவில்லை.

நேயர்களே, அந்தக் கணினி மெதுவானது கிழமானதால் அல்ல. 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று அது பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பூப்போட்ட துணியால் மூடியே வைத்திருந்தால், ஓராண்டு உழைப்பு அதனோடு போயிருக்கும்.

எனவே இன்றிரவு, வீட்டில் கணினி இருந்தால், பிள்ளையோடு பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "உன் பாடமெல்லாம் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்திருக்கிறாயா?" என்று மட்டும் கேளுங்கள். "இல்லை" என்று சொன்னால், மற்ற வேலை எல்லாம் பிறகு. முதலில் அதைச் செய்ய வையுங்கள்.